வீட்டிலேயே படிக்கும் மகளுக்கு மனையியல்: எதைச் செய்ய வைப்பது, எப்படிச் செய்ய வைப்பது?

திருநகர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு வீட்டிலேயே படிக்கிறாள். 14 வயது முடிந்துவிட்டதால் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறோம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஐந்தாவதாக மனையியல் (பாட எண் 216). மனையியல் அவளே கேட்டு எடுத்தது.

புத்தகத்தைப் புரட்டினால் உணவு, துணி, வீட்டு நிர்வாகம், குழந்தை வளர்ப்பு, நுகர்வோர் உரிமை என்று எல்லாமே வீட்டைச் சுற்றி நடக்கிற காரியங்கள். இதை உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைக்க எனக்கு மனம் வரவில்லை. கையால் செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே ரசம் வைக்கத் தெரியும், தோசை ஊற்றத் தெரியும், துணி மடித்து வைப்பாள். இதற்கு மேல் பாடம் என்று எதைச் செய்ய வைப்பது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. "சமையல் கத்துக்கிறதுக்கா புள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டினீங்க?" என்று என் மாமியார் கேட்கிறார். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவர் அவர். அதனால் அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கையில் எவ்வளவு பணம் கொடுத்துப் பழக்குவது, செய்ததை எப்படிப் பதிவு செய்வது, ஒரு வருடத்தை எப்படிப் பிரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஒத்தக்கடை_விதை

அக்கா, நம்ம மதுரை யானைமலை ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மனையியலுக்கென்று தனிக் கல்லூரி 1980-லிருந்து இருக்கிறது. இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி என்று பெயர். உணவு பதப்படுத்துதல், ஊட்டச்சத்து, துணி எல்லாவற்றுக்கும் ஆய்வகம் உண்டு. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி கேட்டுப் பாருங்கள். இந்தப் படிப்பைப் பட்டம் வரை படிக்கலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்பதைப் பாட்டியும் நேரில் பார்க்கட்டும். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

---

ஓய்வுபெற்ற_மனையியல்_டீச்சர்

திருநகர் அம்மா, அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மனையியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு ரசம் வைக்கத் தெரியும். சரி. இன்றைக்கு ரசமா குழம்பா, எந்தக் கடைப் புளி, தக்காளி விலை ஏறியிருக்கும்போது எத்தனை தக்காளி போடலாம், இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? நீங்கள். அவள் செய்வது கைவேலை. முடிவு அவளிடம் போகும்போதுதான் மனையியல் தொடங்குகிறது.

பள்ளியில் எங்களால் இதைச் செய்ய முடிந்ததே இல்லை. செய்முறை வகுப்பில் பிள்ளைகள் அதிகம், அடுப்பு குறைவு. கேரட் அல்வா கிண்டி, நோட்டில் படம் ஒட்டி, மதிப்பெண் வாங்கிப் போவார்கள். அல்வா கெட்டியானாலும் தீய்ந்தாலும் யார் வீட்டிலும் அன்றைய சாப்பாடு நிற்காது, யார் மாதக் கணக்கும் இடிக்காது. உங்களிடம் நிஜமான வீடு இருக்கிறது. அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு செலவை முழுவதுமாக அவளிடம் விடுங்கள். காய்கறி நல்ல தொடக்கம். வாரத்துக்கு நீங்கள் வழக்கமாக எவ்வளவு செலவழிப்பீர்களோ அதே தொகையைக் கையில் கொடுங்கள். பழகுகிற பிள்ளைதானே என்று கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம், சிக்கனம் கற்கட்டும் என்று குறைக்கவும் வேண்டாம். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, எந்தக் கிழமை என்ன சமைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மீந்த பணம் அவளுடையது. பற்றாமல் போனால் அந்த வாரக் கடைசியில் வீடு முழுக்கப் பருப்புத் துவையல் சாப்பிடுங்கள். "பாவம், இந்தா இருபது ரூபாய்" என்று மட்டும் நடுவில் நீட்டிவிடாதீர்கள். நீட்டினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஒரு தடவையாவது அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14-ல் திறந்தார்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதை நோட்டில் குறித்துக்கொண்டு, உங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியிலும் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலும் அதே நாளில் அதே காய்களின் விலையைக் குறிக்கட்டும். பஸ் டிக்கெட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். திருநகரிலிருந்து அண்ணா நகர் போய்வந்து இரண்டு கிலோ காய் வாங்கினால் லாபமா? அவளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். காயை வாங்கியதும் ஒரு எடை, நறுக்கிக் கழித்த பிறகு ஒரு எடை. பச்சைப் பட்டாணி கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரித்துப் பார்த்தால் பாதி எடை தோல். ஆக, நாம் சாப்பிடும் பட்டாணி கிலோ 160. வாழைப்பூ, முருங்கைக்காய், கீரைக் கட்டு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பட்டியல் அவள் கையாலேயே போடட்டும். மலிவு என்று நினைத்த காய் ஒன்றிரண்டு அந்தப் பட்டியலில் மேலே ஏறிவிடும்.

அப்புறம் தட்டு. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அவள் வயதுப் பையனுக்கு 22 போதும். இந்த வித்தியாசம் ஏன் என்று அவளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பிறகு தன் ஒரு நாள் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்துக் கூட்டிப் பார்க்கட்டும். கீரை, கேழ்வரகு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்த ஏதாவது ஒன்று கூட இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த அளவுக்குச் சேராது. கூட்டிப் பார்த்த பிள்ளைதான் டீயைத் தள்ளி வைக்கும். நாம் சொல்லி எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது?

---

ஆனையூர்_தம்பி

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்த இழையைப் படிக்கப் படிக்க மனசு கனக்கிறது.

என் அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். "வீட்டு வேலை பழகட்டும்" என்றுதான் அப்போதும் சொன்னார்கள். இன்றைக்கு எவ்வளவு குறைந்த பணத்திலும் வீட்டை நடத்துவார், அவர் கை வைத்தால் எதுவும் வீணாகாது. ஆனால் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட அவரிடம் காகிதம் கிடையாது. செய்து கற்றல் என்று நல்ல பெயர் வைத்தாலும் பாத்திரம் தேய்ப்பது பாத்திரம் தேய்ப்பதுதானே? வீட்டிலேயே இருக்கும் பிள்ளை என்றால் வேலை தானாகவே அவள் பக்கம் நகரும். முதலில் அரை மணி நேரம், அப்புறம் காலை முழுவதும்.

திருநகர் அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்குத் தம்பி யாராவது இருக்கிறானா, இல்லை அவள் ஒரே பிள்ளையா? பையன் இருந்தால் அவனும் தராசு பிடிப்பானா?

---

திருநகர்_அம்மா

தம்பி, நீங்கள் கேட்டது நல்லது. பதினொரு வயதில் ஒரு மகன் இருக்கிறான். நேரடியாகச் சொல்கிறேன், இதுவரை அவன் தட்டைக்கூட அக்காதான் எடுத்து வைக்கிறாள். உங்கள் பதிவை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகப் படித்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஆளுக்கு ஒரு வேளைப் பாத்திரம் என்று இன்று பிரித்துவிட்டோம். காலை மகன், மதியம் நான், இரவு அவர்கள் அப்பா. மகளின் மனையியல் நேரம் தனி, அதில் மற்ற வீட்டு வேலை கலக்காது.

---

சின்னாளபட்டி_நூல்

ஆனையூர் தம்பியின் பயம் புதிதில்லை. ஆதாரக் கல்வி வந்தபோதும் இதே கேள்வி இருந்தது. கைத்தொழிலை நடுவில் வைத்து அதிலிருந்து கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் கற்பிக்கலாம் என்று 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்தார். 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது அந்தக் கல்விதான் அடிப்படை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அங்கே படித்தவர்கள்.

அவர்கள் சொல்லிக் கேட்டது இது. தக்ளியில் (கையால் சுற்றி நூற்கும் கதிர்) நூற்ற நூலை அளக்க வேண்டும், எடை போட வேண்டும், நேற்றைவிட இன்று ஏன் அதிகம் அறுந்தது என்று காரணம் எழுத வேண்டும். வாத்தியார் நன்றாக இருந்த இடத்தில் அது படிப்பு. அளக்காமல், எழுதாமல் வெறுமனே நூற்க வைத்த இடத்தில் அது கூலி இல்லாத வேலை. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். மனையியல் நேரத்தில் செய்யும் எந்த வேலைக்கும் நோட்டில் ஒரு பக்கம் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு அளவும் ஒரு காரணமும் இருக்க வேண்டும். ஒரு வேலையைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை என்ற நிலை வந்துவிட்டால், அதை அவள் கற்றுவிட்டாள் என்று பொருள். அதற்குப் பிறகு அது வீட்டு வேலை, எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது.

---

ஆனையூர்_தம்பி

இது சரியாக இருக்கிறது. "எழுத ஒன்றும் இல்லாவிட்டால் பாடம் முடிந்தது" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா.

---

பழங்காநத்தம்_வயர்மேன்

மேடம், சமையலைத் தாண்டியும் வீட்டில் நிறைய இருக்கிறது. கரண்டுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

மீட்டரில் 3200 இம்பல்ஸ் என்பது போல ஒரு எண் அச்சிட்டிருக்கும். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். எட்டு தடவை மினுக்கினால் மணிக்கு 480. அதை 3200-ஆல் வகுத்தால் 0.15 யூனிட், அதாவது 150 வாட். இப்படி மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மோட்டார், டிவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணிப் பார்க்கலாம். பையனுக்கும் பிடிக்கும். ஒருவர் மீட்டர் அருகில் நின்று எண்ண, இன்னொருவர் உள்ளே சுவிட்ச் போட வேண்டும். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று தேடட்டும். ஏதாவது ஒரு செட்டாப் பாக்ஸ் மாட்டும்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுற்றி. ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் பழையது 0.75 யூனிட், பி.எல்.டி.சி. 0.3. புது ஃபேன் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்ப வரும் என்பதை அவளே போடட்டும்.

நம்ம ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. கட்டண அட்டையை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். 500 யூனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு 101 முதல் 200 வரை குறைந்த விலை. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு அந்தக் குறைந்த விலை கிடையாது. அதனால் 500-க்கும் 501-க்கும் நடுவில் ஒரு யூனிட் விலை மட்டும் கூடாது, மொத்தமாக ஏறும். மதுரை வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் ஏசி வைத்திருக்கும் வீடுகள் பல இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. வாரம் ஒரு தடவை அவள் ரீடிங் எடுத்துக் கோடு வரைந்து வைத்தால் பில் வரும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

மெயின் போர்டில் உயிர் காக்கும் டிரிப்பர் (ஆர்.சி.சி.பி.) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும், அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிள்ளை அழுத்திப் பார்க்கலாம், போர்டைத் திறக்க மட்டும் விடாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற_மனையியல்_டீச்சர்

வயர்மேன் தம்பி எழுதியதை என் பழைய மாணவிகள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

அதோடு காஸ் சிலிண்டரும் சேரட்டும். வந்தவுடன் கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காலி எடை குறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் தனியாக இருக்கும். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். ஏ என்றால் மார்ச், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். தேதி தாண்டியதைத் திருப்பி அனுப்பலாம். கசிவு வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும். இதை இரண்டு பிள்ளைகளும் செய்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

---

விளக்குத்தூண்_தையல்

நான் தையல்காரர். துணிப் பாடத்துக்கு நான் சொல்கிறேன்.

எடுத்தவுடன் கவுன் தைக்க வைக்காதீர்கள். பாதியில் நின்றுவிடும். பிய்ந்ததைச் சரி செய்வதில் தொடங்குங்கள். பட்டன், பிரிந்த ஓரம், பேண்ட் நீளம் மடிப்பது. அப்புறம் தலையணை உறை, அப்புறம் மஞ்சப்பை. நேர்த் தையல் வராமல் வளைவுக்குப் போகக் கூடாது. மிஷினில் முதல் நாள் நூல் கோக்காமல் வெள்ளைத் தாளில் கோடு போட்டு அதன்மேல் ஓட்டிப் பழகட்டும். ஓட்டை கோட்டின் மேலேயே விழுகிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்.

விளக்குத்தூண் பக்கம் கட்பீஸ் கடைகளில் எல்லா ரகத்திலும் துண்டு கிடைக்கும். ரகத்துக்கு ஒரு துண்டு வாங்கி, ஓரத்தில் நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி தாள் மாதிரி எரிந்து லேசான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகச் சுருளும். பட்டு முடி கருகுகிற வாடை அடிக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் வாளி வேண்டும். "பியூர் காட்டன்" என்று சொல்லி விற்றது என்ன என்று அதற்குப் பிறகு யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பருத்தி என்றால் வெட்டும் முன் நனைத்துக் காயவைத்து, முன்னும் பின்னும் நீளம் அளந்து குறிக்கட்டும். ஒரு மீட்டரில் எவ்வளவு சுருங்கியது என்று வந்துவிடும். கடையில் ஏன் கால் மீட்டர் கூட வாங்கச் சொல்கிறோம் என்பதும் புரியும்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுவதைப் பார்க்க வழி இருந்தால் அவசியம் காட்டுங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஆனால் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது எது, அச்சுப் போட்டது எது என்று சேலை கட்டுகிறவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது. கையில் கட்டியதில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நடுவில் சின்னதாகச் சாயப் பொட்டு நிற்கும். ஒரே அளவில் வரிசையாக அச்சடித்தது போல இருந்தால், அச்சடித்ததுதான்.

---

உசிலம்பட்டி_அத்தை

டீச்சர் எல்லாம் பெரிய பெரிய விஷயம் சொல்லியிருக்கீங்க. நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

எங்கள் பக்கம் காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் மொய் எழுதாமல் நடக்காது. இப்போது கம்ப்யூட்டரில் பில் அடித்துக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள், நாம் திரும்ப எவ்வளவு செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், தாய்மாமன் சீர் தனி. ஒரு குடும்பத்தின் கடனும் வரவும் மரியாதையும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் 500 எழுதியவருக்கு இன்றைக்கு 500 திருப்பினால் போதுமா? ஏன் போதாது? விலைவாசி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேறு எங்கே கிடைக்கும்?

வரப்போகும் ஆறு மாதத்தில் எத்தனை விசேஷம், எவ்வளவு செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டு மாதம் இவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று அவளே சொல்லட்டும். நம் வீடுகளில் பட்ஜெட் இடிப்பது காய்கறியில் இல்லை, இங்கேதான். ஆனி, ஆவணியில் அடுத்தடுத்து பத்திரிகை வரும்போது நகையை அடகு வைத்து மொய் செய்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளிடம் மறைத்து வளர்க்கிறோம். மறைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

---

கூடல்நகர்_செல்வி

அத்தை சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை. வீட்டுக் கடன் விவரத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கொட்டினால் அது ராத்திரி தூங்குமா?

---

உசிலம்பட்டி_அத்தை

கடனை அடைக்கச் சொல்லவில்லை மா, கணக்கைப் பார்க்கத்தான் சொல்கிறேன். வீட்டில் பணம் இறுகும்போது பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு என்று தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பேசுவது நல்லது. ஆனால் உங்கள் பிள்ளையின் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும். பயந்த பிள்ளை என்றால் நடந்து முடிந்த ஒரு விசேஷத்தின் கணக்கை மட்டும் கொடுங்கள்.

---

திருநகர்_அம்மா

இழையைத் தொடங்கிச் சில மாதம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

காய்கறிப் பணம் இப்போது அவளிடம்தான். முதலில் ஆசைக்குக் காலிஃபிளவரும் காளானும் வாங்கினாள், வாரக் கடைசியில் துவையல் சாப்பிட்டோம், டீச்சர் சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவளாகவே ஒரு முறை கண்டுபிடித்தாள். சீக்கிரம் வாடும் கீரை, வெண்டை முதல் மூன்று நாளுக்கு. சேனை, பூசணி, வாழைக்காய் பின்னால். முருங்கைக்காய் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து, பதிலுக்கு நம் வீட்டுக் கறிவேப்பிலை. இந்தப் பண்டமாற்றைக்கூடச் சந்தை விலையில் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

பால் சோதனை செய்தாள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மூன்றிலும் ஒரே அளவு பால், ஒரே அளவு உறை, ஒரே மாதிரிக் கிண்ணம், அருகருகே வைத்துத் தயிராக்கி, கரண்டியால் வெட்டி எடுத்து எதில் தண்ணீர் அதிகம் பிரிகிறது என்று பார்த்தாள். குடிக்க நீலம், தயிருக்குப் பச்சை என்று முடிவு செய்தாள். நாங்கள் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டிருந்தோம். மாதச் செலவு குறைந்திருக்கிறது.

மாமியார் விஷயம். வெயில் ஏறியதும் அவர் கூழ் வற்றல் போடுவார், அவர் கைப்பக்குவம் எங்கள் தெருவில் யாருக்கும் வராது. இந்தத் தடவை மகள் தராசோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உப்பைக் கையில் அள்ளியதும் "அப்பத்தா, ஒரு நிமிஷம்" என்று கையைத் தராசுத் தட்டில் கவிழ்க்கச் சொல்லி எடை எழுதிக்கொண்டாள். பச்சை மிளகாய், சீரகம், ஜவ்வரிசி, தண்ணீர் எல்லாம் அப்படியே. மாவு வெந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்டாள். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது என்றார். உப்பு ஏன் கடைசியில் என்று கேட்டாள். கூழாக இருக்கும்போது சரியாகத் தெரிகிற உப்பு, காய்ந்து தண்ணீர் வற்றியதும் தூக்கலாகிவிடும், அதனால் கூழில் கொஞ்சம் குறைவாகத் தெரியும்படி கடைசியில் பார்த்துப் போட வேண்டும் என்றார். அவர் இத்தனை வருடம் செய்ததை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. பள்ளியை விட்டது சரி என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வற்றல் கணக்கு எழுதிய நோட்டைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

மகன் இட்லி மாவு பொறுப்பு. நாலுக்கு ஒன்று உளுந்து. நம்ம ஊர் மே மாத இரவில் எத்தனை மணிக்கு மாவு பொங்குகிறது என்று பாத்திரத்தின் வெளியே பென்சிலால் கோடு போட்டு வைக்கிறான்.

மொய் நோட்டு கொடுத்தேன் அத்தை. நடந்து முடிந்த காதுகுத்துக் கணக்கு மட்டும். அவள் முதலில் கேட்டது, "பொம்பளைங்க பேர்ல ஏன்மா யாரும் எழுதல?" அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அடுத்த விசேஷத்தில் என் பெயரில் எழுதப் போகிறேன்.

இப்போது இரண்டு கேள்வி. தேர்வுக்கு இந்த நோட்டு உதவுமா? மீந்த காய்கறிப் பணத்தை எங்கே போட்டு வைக்கச் சொல்லலாம்?

---

ஓய்வுபெற்ற_மனையியல்_டீச்சர்

படித்துக் கண் கலங்கிவிட்டது அம்மா.

இந்த வீட்டு நோட்டு வேறு, தேர்வுக்கான செய்முறைப் பதிவேடு வேறு. என்.ஐ.ஓ.எஸ். தரும் செய்முறைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி பதிவேட்டைத் தனியாக எழுத வேண்டும். படிப்பு மையத்தில் எப்போது, எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்படைப்புத் தாளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதைத் தேதி தவறாமல் கொடுத்துவிடுங்கள். கேள்விகளுக்கு எழுதும்போது பட்டாணி எடையையும் தயிர்க் கிண்ணத்தையும் உதாரணமாக எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவர்களுக்குப் புத்தகத்திலிருந்து எழுதிய விடை எது, செய்து பார்த்து எழுதிய விடை எது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நுகர்வோர் பகுதியை இன்னும் தொடவில்லை போலிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து உட்பொருள் பட்டியலைப் படிக்கட்டும். எது எடையில் அதிகமோ அது முதலில் இருக்கும். கோதுமை பிஸ்கட் என்று பெயர் போட்டதில் மைதா முதலில் இருந்தால் அவளே சிரிப்பாள். 14 இலக்க உணவு உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை எல்லாம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறை இருந்தால் 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) எப்படிப் புகார் சொல்வது என்று ஒரு கடிதமாக எழுதிப் பார்க்கட்டும். பில் இல்லாவிட்டால் புகாரை நிரூபிப்பது கஷ்டம், அதனால் பில்லைப் பத்திரப்படுத்தும் பழக்கமும் சேர்ந்தே வரும்.

பணத்துக்கு அஞ்சலகம் போங்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே பணம் போடலாம், எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாம். படிவத்தை அவளே நிரப்பட்டும், கவுன்ட்டரில் அவளே பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

---

திருநகர்_அம்மா

நன்றி டீச்சர். அப்படியானால் தம்பிக்கும் தொடங்கலாமா? அவனுக்கும் மாவுப் பொறுப்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அக்காவே சொல்கிறாள்.

---

ஓய்வுபெற்ற_மனையியல்_டீச்சர்

பதினொன்று ஆகிவிட்டதே, தாராளமாகத் தொடங்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், மூன்றையும் இருவருக்கும் தனித்தனிக் கவரில் எடுத்துப் போங்கள். மாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம் அம்மா, அவனும் சாப்பிடுகிற இட்லிதானே. அதற்குப் பதிலாக மளிகையில் அரிசி, உளுந்துச் செலவை அவன் கையில் கொடுங்கள். கீழமாசி வீதியில் மொத்த விலைக்கும் தெருக்கடை விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அவனுக்கு.